மறு: ரயில் பெட்டிகளின் கப்ளிங் – ‘கொளுவி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் ‘கப்ளிங்’ கருவிக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்று இரவு முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். இணைப்பி, பிணைப்பி, பிணையல், பூட்டு, கொக்கி, கொளுத்து என்று ஆறு சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் உழைத்திருக்கிறார். என் வாக்கு இந்த ஆறிலும் இல்லாத ‘கொளுவி’க்கு. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் இருப்பது செங்கோட்டையில். போன வாரம் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடையின் கடைசியில் நின்று பார்த்தேன். புனலூர் பக்கம் போகும் வண்டிக்கு மலை ஏற்றத்துக்காக வாலில் இன்னொரு எஞ்சினை மாட்டுவார்கள். எஞ்சின் மெல்ல வந்து, கடைசிப் பெட்டிக்குச் சில அடி முன்னால் நின்றது. பெட்டிகளை மாட்டிக் கழற்றும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன், இரண்டு பக்கத்துக் கப்ளிங் தலைகளையும் குனிந்து பார்த்தார். விலகி நின்று கை காட்டினார். எஞ்சின் நகர்ந்து வந்து முட்டியது. கனத்த இரும்புச் சத்தம் ஒன்று, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே போய்ப் பிரேக் குழாயை மாட்டி, குழாய்த் திறப்பைத் திருப்பினார். காற்று சீறும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவரிடம், “இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?” என்று கேட்டேன். “கப்ளிங்குனுதான் சொல்வோம் சார். லாக் விழுந்துச்சா, விழலையா, அதைத்தான் நாங்க பார்க்கணும்” என்றார்.

இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு நம் சொற்களைப் பாருங்கள். வேலை செய்கிறவர் கவனம் முழுக்க அந்த லாக் விழுவதில் இருக்கிறது. நாமோ இரண்டு பெட்டிகள் ஒன்றாவதை மட்டும் பார்த்து ‘இணைப்பி’ என்கிறோம்.

> இணைப்பி எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும். அதை ஏன் விட வேண்டும்?

கொல்லத்திலிருந்து எழுதிய தம்பியின் கேள்வி இது. எளிமைதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 5 கிலோ அழுத்தத்தில் பிரேக் குழாய். 6 கிலோ அழுத்தத்தில் ஃபீட் குழாய். புது வகையான எல்எச்பி பெட்டி என்றால் விளக்குக்கும் ஏசிக்கும் 750 வோல்ட் கொண்டுபோகும் கேபிள்கள். ஆட்கள் நடந்து போகும் வழி. இவை எல்லாமே இணைப்புகள்தான். நாளைக்கு ஒருவர் தமிழில் பணிக்குறிப்பு எழுதி, அதில் “இணைப்பியைக் கழற்றவும்” என்று இருந்தால், படிக்கிறவர் எதைக் கழற்றுவார்? மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் கேபிளில் கை வைத்தால் உயிர் போகும். காற்றை அடைக்காமல் குழாயைக் கழற்றினால் அது சாட்டை மாதிரி வந்து அடிக்கும். கணினிக்காரர்கள் வேறு, ஒயர் முனைகளுக்கு இந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இழுவையைத் தாங்குகிற இந்த ஒரு பொருளுக்கு மட்டும் உரிய சொல் வேண்டும். ‘பிணைப்பி’க்கும் இதே குறைதான்.

‘பூட்டு’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. மாட்டை வண்டியில் பூட்டு, ஏரில் பூட்டு என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறோம். இழுப்பதையும் இழுபடுவதையும் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல வினை தமிழில் இல்லை என்றே நினைத்தேன். இரண்டு நாள் அதிலேயே நின்றேன். அப்புறம் கருவியின் உள்ளே போனதும் சிக்கல் தெரிந்தது. அந்தத் தலைக்குள் இருக்கும் ஒரு துண்டின் பெயரே லாக். முழுக் கருவியையும் பூட்டு என்றால் அந்தத் துண்டை என்னவென்று சொல்வது? ஆகவே பூட்டு என்ற சொல்லை விட வேண்டாம், உள்ளே இருக்கும் அந்தத் துண்டுக்கே கொடுத்துவிடலாம். “பூட்டு விழுந்துச்சா?” என்று பாயிண்ட்ஸ்மேன் கேட்டால் வாய்க்கும் தடையில்லை.

‘பிணையல்’ சூடடிக்கிற களத்திலிருந்து வந்த சொல். மாடுகளைப் பக்கத்தில் பக்கமாகக் கட்டி வைக்கோல் மேல் சுற்ற விடுவது. ரயில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அல்லவா போகின்றன? களம் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் பொருந்தாது. கதவின் கீலுக்கும் பிணையல் என்ற பெயர் உண்டு, அது அங்கேயே இருக்கட்டும்.

கொக்கியைப் பற்றிச் சித்தூர் அம்மா எழுதியது அருமை. தெலுங்கில் கொக்கெம், தமிழில் கொக்கி, இரண்டு பக்கமும் புரியும் என்கிறார். பழைய கப்ளிங்குக்கு அது அப்படியே பொருந்தும். பழைய வகையான ஐசிஎஃப் பெட்டியின் முனையில் நடுவே ஒரு கொக்கி உண்டு. இரண்டு வளையங்களும் அவற்றை இணைக்கும் மரைத்தண்டும் அதில் தொங்கும். எதிர்ப்பெட்டியின் கொக்கியில் வளையத்தைத் தூக்கிப் போட்டு, தண்டைத் திருகித் திருகி, மோதலைத் தாங்க இரு ஓரத்திலும் இருக்கும் பஃபர்கள் ஒட்டும்வரை இறுக்குவார்கள். ஆனால் கொக்கி ஒரு பக்கம் சும்மா இருக்கும், மறுபக்கத்திலிருந்து ஒன்று வந்து மாட்டும். இப்போதுள்ள கருவியில் இரண்டு தலைகளும் ஒரே மாதிரி, இரண்டுமே பிடிக்கின்றன, இரண்டுமே பிடிபடுகின்றன. நான்கு விரல்களையும் மடக்கி இன்னொருவர் மடக்கிய விரல்களில் மாட்டி இழுத்துப் பாருங்கள், அதுதான் அது.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் இருக்கும். திருகு கப்ளிங் மாட்டுவதற்குப் பஃபருக்கு அடியில் குனிந்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். ஒரு மழை இரவில் வளையத்தைத் தூக்கிப் போடும்போது நடந்தது. சின்னப் பையனாக அவர் சோறு பிசைவதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். யார் கேட்டாலும், “கையை எடுக்கப் பிந்திட்டேன்” என்று மட்டும் சொல்வார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். அங்கே முதலில் வளையமும் முளையும்தான். பெட்டி வந்து முட்டுகிற நொடியில் ஒருவர் நடுவே நின்று வளையத்தைப் பிடித்து, முளையைச் செருக வேண்டும். விரல் குறைந்த கையை அனுபவத்தின் அடையாளமாகப் பார்த்த காலம். 1873-இல் ஈலை ஜேனி என்பவர் மடங்கும் விரல் கொண்ட கப்ளிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் எஞ்சினியர் இல்லை, வர்ஜீனியாவில் ஒரு துணிக்கடையில் எழுத்தராக இருந்தவர். மரத்தில் செதுக்கிச் செதுக்கி மாதிரி செய்தார். 1893-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தானாகச் சேரும் கப்ளிங்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. கருவி கைக்கு வந்தபின் சட்டம் வர இருபது வருஷம் ஆகியிருக்கிறது. அந்த இருபது வருஷத்தில் எத்தனை விரல்கள் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஜப்பான் 1925 ஜூலையில் நாள் குறித்து, நாட்டின் பெரும்பாலான பெட்டிகளை ஒரே மூச்சில் மாற்றியது. ஐரோப்பாவின் சரக்குப் பெட்டிகளில் இன்றும் பெரும்பாலும் திருகுதான். நம் நாட்டில் சரக்கு வண்டிகள் முன்பே மாறிவிட்டன. பயணிகள் பெட்டிகளில் எல்எச்பி வந்தபிறகுதான் இந்த மாற்றம் பரவலானது. பெரம்பூர்த் தொழிற்சாலை கடைசி ஐசிஎஃப் வகைப் பெட்டியை வெளியே அனுப்பியது 2018 ஜனவரியில். அதே 2018-இல்தான் எங்கள் செங்கோட்டை–புனலூர் அகலப்பாதையும் முழுதாகத் திறந்தது. 1904-இலிருந்து ஓடிய மீட்டர் பாதை 2010-இல் நின்று, எட்டு வருஷம் மலையில் ரயில் சத்தமே இல்லை. அந்த மீட்டர் பாதை வண்டியில் கப்ளிங் வேறு மாதிரி. நடுவே ஒரே ஒரு பஃபர், அதன் மேல் எதிர்ப்பெட்டியின் கொக்கி வந்து விழும். பதிமூன்று கண் பாலத்தில் வண்டி வளையும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும்.

ஆக, இந்தக் கருவி மனித விரல் செய்த வேலையைத் தன் விரலால் செய்கிறது. ஆங்கிலத்திலும் அந்த மடங்கும் துண்டுக்கு ‘நக்கிள்’ என்று விரல் முட்டியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘மடிவிரல்’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ‘முட்டி’ என்று வைத்தால் கால் முட்டியா, கை முட்டியா என்ற குழப்பம் வரும். அதைவிட, அந்தத் துண்டு செய்கிற காரியமே மடிவதுதான். விரிந்து நிற்கும், எதிர்த்தலை வந்து தள்ளியதும் மடியும், மடிந்ததும் பூட்டு தன் கனத்தால் கீழே விழுந்து அதைத் திரும்ப விரிய விடாமல் நிறுத்தும்.

சரி, முழுக் கருவியின் பெயருக்கு வருகிறேன்.

> மலையாளத்தில் கதவுக்குப் போடுவதைக் கொளுத்து என்கிறோம். தமிழ் அகராதியிலும் அதே சொல் நகையின் கடைப்பூட்டு என்ற பொருளில் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

பாலக்காட்டு ஐயா சொன்ன இந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. செங்கோட்டை 1956 நவம்பர்வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். எங்கள் ஆச்சி வாயிலும் கொளுத்து இருந்தது. “கொளுத்தைப் போட்டுட்டுப் படு” என்பாள். ஆனால் ஐயா, எல்லைக்கு இந்தப் பக்கம் நாலு ஊர் தாண்டிவிட்டால் கொளுத்து என்றால் தீ வைப்பதுதான். “ரயில் பெட்டியைக் கொளுத்தினார்கள்” என்று ஒரு தலைப்பைப் படிப்பவர் என்ன நினைப்பார்? அந்தச் சொல்லை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் அதன் வேர் நம்முடையது. கொள் என்பதிலிருந்து வந்தது கொளுவு, அதாவது மாட்டிப் பிடிக்க வைப்பது. எங்கள் பக்கம் கதவில் போடுகிற கொண்டியும் அந்தக் குடும்பம்தான். ஈழத்தில் இன்றும் சட்டையைக் கொளுவுவார்கள். கொளுவுவது கொளுவி. புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. மலையாளம் பேசுகிற பாயிண்ட்ஸ்மேனுக்கும் சொன்னவுடன் பிடிபடும். எல்லையில் இருக்கும் ஆரியங்காவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வண்டியை மாட்டுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், தங்கள் ஊரில் கொழுவல் என்றால் சண்டை என்று எழுதியிருந்தார். உண்மைதான், ஒருவரோடு ஒருவர் மாட்டிக்கொள்வதால் வந்த பொருள் அது. எழுத்தில் அங்கே ழகரம், இங்கே ளகரம். நாம் ளகரத்தை உறுதியாக வைத்துக்கொண்டால் இரண்டும் கலக்காது என்று நினைக்கிறேன். அன்பர் இதை மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

கொளுவி என்று வைத்துவிட்டால் மற்றவை தாமாக வருகின்றன. பழைய வகை திருகுக்கொளுவி. இப்போதுள்ளது நடுக்கொளுவி. பெட்டியைக் கொளுவு, கொளுவலைக் கழற்று என்று வினையும் கிடைக்கிறது. பின்னால் இருந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்புக்கு ‘அதிர்வு வாங்கி’ போதும். எல்எச்பி பெட்டியில் வண்டி கிளம்பும்போது முதுகில் ஓர் இடி விழுகிறது என்று பலர் சொன்னார்களே, அதைக் குறைக்க மாற்றியது இந்தப் பகுதியைத்தான்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜேனி வகையைச் சும்மா ‘தானியங்கிக் கொளுவி’ என்று எழுத வேண்டாம். பெட்டி தானாகச் சேர்கிறது, ஆனால் குழாயை மாட்ட ஆள் இன்னும் உள்ளே போகிறார். காற்றையும் மின்சாரத்தையும்கூடத் தானே சேர்க்கும் ஷார்ஃபென்பெர்க் வகை வேறு. அது 1903-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது, மெட்ரோ வண்டிகளில் அதிகம். அதை ‘முழுத் தானியங்கிக் கொளுவி’ என்றும், ஜேனி வகையை ‘தானே பூட்டும் கொளுவி’ என்றும் பிரித்து எழுதலாம். உள்ளே ஓர் ஆள் குனிந்து நிற்கிறார் என்பது சொல்லில் மறையக் கூடாது.

நடுக்கொளுவி, திருகுக்கொளுவி, மடிவிரல், பூட்டு, அதிர்வு வாங்கி ஆகிய ஐந்தையும் நம் பட்டியலில் தற்காலிகமாக ஏற்றி வைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

புனலூர் ஐயா, நீங்கள் முப்பது வருஷம் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலையில் இருந்தவர். பெட்டியைக் கழற்றும்போது ஓரத்தில் நின்றபடியே பூட்டைத் தூக்கிவிடும் நீளக் கைப்பிடி ஒன்று உண்டே, அதற்கு உங்கள் ஆட்கள் தமிழிலோ மலையாளத்திலோ ஏதாவது சொல் வைத்திருந்தார்களா? அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
செங்கோட்டையிலிருந்து