பிளஸ் டூவில் மழலையர் பராமரிப்புக்குத் தனிப் பிரிவு: தொடங்கலாமா, கூடாதா?

செங்காந்தள்:
நம் தமிழ்நாட்டு மேல்நிலைத் தொழிற்கல்வியில் நர்சிங் இருக்கிறது, ஆடை வடிவமைப்பு இருக்கிறது, வேளாண்மை இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் தனிப் பிரிவு இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புக்கு 842 என்ற குறியீட்டில் இந்தப் பாடம் உண்டு. எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைக்கும் தனித்தனி மதிப்பெண்.

பயிற்சி பெற்ற ஆள் இல்லாததன் விளைவை 2019 ஜனவரியில் பார்த்தோம். 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அங்கே அனுப்பப்பட்டவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். அவர்கள் படித்த பட்டயம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கானது. மூன்று வயதுக் குழந்தை வேறு உலகம்.

என் முன்மொழிவு இது. அரசு மேல்நிலைப் பள்ளியில் 30 பேர் கொண்ட வகுப்பு, இரண்டு ஆண்டு. ஒவ்வொரு மாணவியும் மாணவனும் வாரத்தில் ஒரு காலை, மூன்று மணி நேரம், பக்கத்து அங்கன்வாடியில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 30 வாரம் என்றால் இரண்டு ஆண்டில் 180 மணி நேரம். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

மணிமுத்தாறு:
எதிர்க்கிறேன். முதல் காரணம் வயது. 2025இல் வந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, 20 முதல் 40. பதினெட்டு வயதில் படிப்பை முடிக்கும் பெண் பணியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கவே ஏழு வருஷம் காத்திருக்கணும். பையன் என்றால் விண்ணப்பமே போட முடியாது, அந்த வேலை பெண்களுக்கு மட்டும்.

இரண்டாவது சம்பளம். பணியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. அதற்குப் பிறகுதான் காலமுறை ஊதியம். இந்தச் சம்பளத்துக்கு இரண்டு வருஷத் தொழிற்கல்வி என்று சொன்னால், எந்த வீட்டுப் பிள்ளைகளை இந்தப் பிரிவில் உட்கார வைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மார்க் குறைந்த, வசதி இல்லாத வீட்டுப் பெண் பிள்ளைகளை. அறிவியல் பிரிவில் இடம் இல்லை, இங்கே போ என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எதிர்க்கிறேன்.

வைகறை:
நான் எதிர்ப்பது வேறு பக்கத்திலிருந்து, குழந்தையின் பக்கத்திலிருந்து.

செங்காந்தள், உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30 பேர், வாரத்துக்கு ஒரு காலை. ஒரே நாளில் எல்லாரையும் அனுப்பினால் ஜோடிக்கு ஒரு மையம் என்று 15 மையம் வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் 15 இடத்தில் இருக்க முடியாது. சரி, ஒரு நாளைக்கு ஆறு பேராகப் பிரித்து மூன்று மையத்துக்கு அனுப்பலாம். ஆசிரியர் மூன்றையும் சுற்றி வரலாம். ஆனால் மையத்தில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது? திங்களுக்கு இரண்டு அக்கா, செவ்வாய்க்கு வேறு இரண்டு, வெள்ளிக்குள் பத்துப் புது முகம். பெயர் சொல்லக்கூடத் தெரியாத பத்துப் பேர் தூக்குவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், போவார்கள். இரண்டரை வயதுக் குழந்தை அங்கே வந்து ஒட்டுவதற்கே ஒரு மாதம் ஆகும். அந்த ஒட்டுதலைத்தான் உடைக்கிறீர்கள்.

தராசுமுள்:
படிப்பு வேண்டும் என்ற பக்கம் நான். ஆனால் 180 மணி நேரம் போதாது. அமெரிக்காவில் சி.டி.ஏ. என்ற குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் கடைசி இரண்டு ஆண்டு படிப்பவர்களும் எடுக்கலாம். அதற்கு 120 மணி நேர வகுப்பு, 480 மணி நேரம் குழந்தைகளோடு வேலை. அதன்மேல் ஒரு தேர்வு, தொகுப்புக் கோப்பு, நேரில் வந்து பார்க்கும் மதிப்பீட்டாளர். வகுப்பைப் போல நான்கு மடங்கு களம். இந்த விகிதம்தான் முக்கியம்.

ஏன் என்று ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன்: உயரம் அளப்பது. இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், இரண்டு முடிந்தால் நிற்க வைத்து உயரம். இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிடலாம். களத்தில் நடப்பது என்ன? 23 மாதக் குழந்தை நன்றாக நிற்கிறது, எனவே நிற்க வைத்தே அளந்து, அதை நீளம் என்று பதிகிறார்கள். நின்று அளந்தால் படுத்த அளவைவிடச் சுமார் 0.7 செ.மீ. குறையும். வயதுக்கேற்ற உயரக் கோட்டின் ஓரத்தில் இருக்கும் குழந்தை, அந்த ஏழு மில்லிமீட்டரால் குட்டை என்ற பட்டியலில் விழுந்துவிடும். படுக்க வைத்து அளப்பது தனி ஆளின் வேலை அல்ல. ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்திக் கால் பலகையைப் பாதத்தில் சேர்க்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் அளவு குறையும். குழந்தை திமிறும்போது இதைச் செய்யக் கை பழக வேண்டும்.

ஊட்டக்குறைவைக் கண்டறியும் மேற்கைச் சுற்றளவு நாடாவும் அப்படித்தான். 11.5 செ.மீ.க்குக் கீழ் சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இடது கை தளர்ந்து தொங்க, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் சுற்ற வேண்டும். புதியவர்கள் எல்லாரும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். சதை அமுங்கி, பச்சையில் வர வேண்டிய குழந்தை மஞ்சளில் வந்துவிடும்.

வைகறை:
> ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை

இதைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பீர்களா? பழகும் காலத்தில் பிழையான அளவு பதிவேட்டில் ஏறினால் அந்தக் குழந்தைக்குத்தானே நட்டம்?

தராசுமுள்:
ஏறக்கூடாது. முதல் ஆறு மாதம் பொம்மையில். அதன்பிறகு பணியாளர் அளந்து முடித்த குழந்தையை மாணவர் மறுபடி அளப்பார், பணியாளரின் எண்ணைப் பார்க்காமல். இரண்டுக்கும் 0.5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கே தவறு என்று இருவரும் சேர்ந்து தேட வேண்டும். மாணவரின் எண் அவரது நோட்டில் மட்டும். இதில் எதிர்பாராத ஒரு பலனும் உண்டு, பணியாளரின் அளவும் சரிபார்க்கப்படுகிறது.

செங்காந்தள்:
வைகறை சொன்ன பத்து முகம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியான அடி. 30 பேர் என்பதை விடுகிறேன்.

திருத்திய கணக்கு: வகுப்புக்கு 12 பேர். ஆறு ஜோடி, மூன்று மையம், மையத்துக்கு இரண்டு ஜோடி. ஒரு ஜோடி திங்கள், புதன். மற்றது செவ்வாய், வியாழன். வெள்ளிக்கிழமை எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்து அந்த வாரக் குறிப்புகளைப் பேச வேண்டும். ஆண்டு முழுக்க ஒரு மையத்துக்கு அதே நான்கு முகம்தான். வாரத்துக்கு ஆறு மணி நேரம், 30 வாரம், இரண்டு ஆண்டு: 360 மணி நேரம். தராசுமுள் கேட்கும் 480 வராது, ஆனால் பழையதைப் போல இரு மடங்கு. தமிழ், ஆங்கில வகுப்புகளைப் பிற்பகலுக்கு மாற்றிவிட்டால் பாடமும் தவறாது.

வைகறை:
இது பரவாயில்லை. ஆனால் இன்னும் சில விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைத் தூக்குவதும் கழுவிவிடுவதும் மாணவர் வேலை அல்ல. பார்த்து எழுதுவது மட்டும். கழிப்பறைக்கு அழைத்துப் போவது பணியாளரோ உதவியாளரோ மட்டும். மாணவர் எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மாணவரும் போக்சோ சட்டப்படி குழந்தைதான் என்பதால், இந்த விதி இரண்டு பக்கத்தையும் காக்கிறது. கைபேசி பள்ளியிலேயே இருக்கட்டும், குழந்தையின் படம் எடுக்கவே கூடாது. கண்ணாடி வளையல், ஊக்கு, நீள நகம் கூடாது. காய்ச்சலோ கண் வலியோ இருந்தால் அன்றைக்கு மையத்துக்கு வரக்கூடாது, வருகைப் பதிவில் அதற்காகக் குறைக்கவும் கூடாது. குறைத்தால் காய்ச்சலோடு வருவார்கள்.

மிக முக்கியமானது: மாணவரைப் பணியாளர் கணக்கில் சேர்க்கக்கூடாது. 2013ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்றிலிருந்து ஆறு வயது வரை 20 குழந்தைக்கு ஒருவர், மூன்றுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர் என்கிறது. "பிளஸ் டூ பிள்ளைகள் வந்திருக்கிறார்களே" என்று உதவியாளரை வேறு வேலைக்கு அனுப்பும் அன்றைக்குத் திட்டம் கெட்டுவிடும்.

மணிமுத்தாறு:
எல்லாம் நல்ல விதிகள். நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 18க்கும் 25க்கும் நடுவே அந்தப் பெண் என்ன செய்வாள்?

செங்காந்தள்:
அங்கன்வாடி ஒன்றுதான் வேலை என்று நினைப்பதில்தான் நாம் பிரிகிறோம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. அத்தோடு நிற்கவில்லை, குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் எழுதியது. மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனத்துக்கும் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. "பயிற்சி பெற்ற" என்ற சொல் காகிதத்தில் ஏறி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. பயிற்சி எங்கே கிடைக்கிறது?

மேலே படிக்கவும் வழி உண்டு. பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் இரண்டு ஆண்டு முன்பருவக் கல்விப் பட்டயம் படிக்கலாம். 360 மணி நேரம் குழந்தைகளோடு இருந்துவிட்டு அங்கே போகும் பிள்ளைக்கும் வெறும் கையோடு போகும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கும்.

மணிமுத்தாறு:
சட்டம் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பகத்தில் ஆயாம்மா ஒருவரை உட்கார வைத்து, பதிவேட்டில் "பயிற்சி பெற்றவர்" என்று எழுதுவதை எது தடுக்கிறது? சான்றிதழ் இல்லாதவரை வைக்கக்கூடாது என்ற நிலை வராமல் சான்றிதழ் மட்டும் அச்சடித்தால் சம்பளம் உயராது.

தராசுமுள்:
அந்த ஆயாம்மாவுக்கும் அதே சான்றிதழ் கிடைக்க வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை தெரிந்தவரை வெளியே தள்ளிவிடுவோம். ஆனால் அனுபவம் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. தூளியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தையைத் தூளியில் போட்டால் உடல் வளைந்து தாடை நெஞ்சில் குத்தும். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதில் மூச்சுத் தடைபடலாம். பெரிய குழந்தைகள் அதைப் பிடித்துச் சுற்றி விளையாடும்போது துணி முறுக்கிக் கழுத்தில் சிக்கும். ஆள் பார்வையில் இல்லாத நேரத்தில் தூளித் துணி கைக்கு எட்டாமல் மேலே கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் உள்ள குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், கெட்டியான பாயில், தலையணை இல்லாமல்.

உணவிலும் அப்படியே. முட்டையின் மஞ்சள் கரு உலர்ந்தது, முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் ஒட்டும். சோற்றில் மசித்துக் கொடுக்கணும். சத்துமாவை வெந்நீர் குறைத்து இறுக்கமாக உருண்டை பிடித்தாலும் இதே ஆபத்து. நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை பொடித்தால் மட்டுமே. அடைத்துக்கொண்டால் ஒரு வயதுக்குள் முகம் கீழே தாழ முன்கையில் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் முதுகில் தட்டியும் வராவிட்டால் பின்னாலிருந்து வயிற்றில் அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இது அறிந்த ஒருவர் ஆலைக் காப்பகத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றா?

மணிமுத்தாறு:
ஒன்றல்ல. நான் அந்த அறிவை மறுக்கவில்லை.

வைகறை:
தேர்வைப் பற்றியும் பேசிவிடுவோம், எந்தப் பாடமும் தேர்வு எப்படியோ அப்படித்தான் நடத்தப்படும். செய்முறை மதிப்பெண் முழுவதும் வண்ணத்தாள் ஒட்டிய கோப்புக்குப் போனால், இரண்டு ஆண்டும் கோப்பு ஒட்டுவதிலேயே போகும். வாங்கியும் ஒட்டுவார்கள்.

செங்காந்தள்:
கோப்பே வேண்டாம். தேர்வாளர் மையத்துக்கே வரட்டும். மாணவர் ஐந்து குழந்தைகளோடு 20 நிமிடம், ஒரு படப் புத்தகம், கொஞ்சம் களிமண். தேர்வாளர் பார்க்க வேண்டியது: குழந்தை ஒரு பொருளைச் சுட்டிக் காட்டினால் மாணவர் அந்தப் பொருளின் பெயரைச் சொல்லி, பேச்சை நிறுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருக்கிறாரா? பழகாதவர் மூன்றாவது நொடியிலேயே தானே பதிலைச் சொல்லிவிடுவார். குழந்தை வாய் திறக்க அந்த ஐந்து எண்ணும் நேரம் வேண்டும். அப்புறம், நான்கு வயதுகூட ஆகாத குழந்தையின் கையைப் பிடித்து "அ" எழுத வைத்தால் மதிப்பெண் குறைக்க வேண்டும். பெற்றோர் கேட்கிறார்கள் என்பது உண்மை. விரல் தசை வலுப்படாமல் பென்சிலைக் கொடுத்தால் முழுக் கையாலும் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும், பிறகு திருத்துவது கடினம். களிமண் பிசைவதும் காகிதம் கிழிப்பதும் எழுத்துக்கு முந்திய எழுத்து.

இருபது நிமிடம் முடிந்ததும் ஒரு பக்கக் குறிப்பு. "குழந்தை பிடிவாதம் செய்தது" என்று எழுதினால் பூஜ்யம். "10.20க்குப் பந்தைக் கொடுக்கச் சொன்னபோது இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு, பந்தோடு கதவுப் பக்கம் போய் நின்றது" என்று எழுதினால் முழு மதிப்பெண். பார்த்ததையும் நினைத்ததையும் பிரிக்கத் தெரிந்தவரிடம்தான் குழந்தையை ஒப்படைக்க முடியும்.

வைகறை:
இந்தத் தேர்வு முறையும் மேலே எழுதிய விதிகளும் சேர்ந்து வந்தால், 12 பேர் வகுப்புக்கு என் எதிர்ப்பு இல்லை. 13ஆவது ஆளைச் சேர்த்தால் மறுபடியும் எதிர்ப்பேன்.

மணிமுத்தாறு:
எனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் வேலை திறக்கப்படும் வரை இதைப் பெண்கள் பிரிவாகவே நடத்துவார்கள். சேர்க்கை அறிவிப்பிலேயே "இருபாலர்" என்று எழுதுங்கள், ஆலைக் காப்பகத்திலும் மழலையர் பள்ளியிலும் அவர்களுக்கு இடம் கேளுங்கள்.

அடுத்தது, உங்கள் மூன்று மையத்திலும் வாரத்துக்கு நான்கு காலை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போவது யார்? அந்த 7,700 ரூபாய்ப் பணியாளர்தான். ஏற்கெனவே பதிவேடு, செல்போன் செயலி, எடை, உணவு, வீட்டுப் பார்வை எல்லாம் அவர் தலையில். மறு அளவு, குறிப்பு திருத்தம் இரண்டையும் சேர்த்தால் நாளைக்கு ஒரு மணி நேரமாவது கூடும். அதற்கு மாதம் எவ்வளவு, பள்ளிக் கல்வித் துறை கொடுக்குமா, சமூக நலத் துறை கொடுக்குமா? மேலே போட்ட கணக்கில் முகத்துக்கும் மணிக்கும் எண் இருக்கிறது, இதற்கு எண் இல்லை.

செங்காந்தள்:
இல்லை, விட்டுவிட்டேன். மாணவர் தலைக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்தால் மையத்துக்கு 2,000. பத்து மாதத்துக்கு மூன்று மையமும் சேர்த்து 60,000. உதவியாளருக்கும் அதில் பங்கு வேண்டும். பணம் பள்ளிக் கல்வித் துறையின் தொழிற்கல்வித் தலைப்பிலிருந்து வருவதே நியாயம், மாணவர் அவர்களுடையவர். முன்மொழிவின் முதல் பத்தியிலேயே இதை ஏற்றி மாலைக்குள் திருத்திய வரைவைப் போடுகிறேன். எண் குறைவு என்றால் இங்கேயே சொல்லுங்கள்.

மணிமுத்தாறு:
குறைவுதான். நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் வாரம் நான்கு, மாதம் பதினாறு மணி நேரம். 2,000த்தில் உதவியாளர் பங்கு 500 போனால் பணியாளருக்கு 1,500, மணிக்கு நூறு ரூபாய்கூட இல்லை. தலைக்கு 750 என்று போடுங்கள், மற்றதை வரைவு வந்ததும் படிக்கிறேன்.