பெருங்கொடை திரட்டும் குழு: மூன்று பேரை வைத்து 5 கோடி, எங்கிருந்து தொடங்குவது?

தேரடி கேட்டது:

பாளையங்கோட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பெருங்கொடைக் குழுவுக்குத் தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது. முழுநேரமாக மூன்று பேர். இலக்கு மூன்று ஆண்டில் 5 கோடி, ஆய்வகக் கட்டடத்துக்கும் உதவித்தொகை நிதிக்கும். கையில் 9,000 பழைய மாணவர்களின் எக்செல் பட்டியல் இருக்கிறது, பாதி எண்கள் செத்துப்போனவை. எல்லாருக்கும் வாட்ஸப் வேண்டுகோள் அனுப்பச் சொல்கிறது நிர்வாகம். ஆளுக்கு எத்தனை பெயர் பிரித்துக் கொடுப்பது? வளைகுடா, சிங்கப்பூர்க்காரர்களிடம் எப்படி வாங்குவது? குழுவின் வேலையை எதை வைத்து அளப்பது?

கீழரதவீதி பதில்:

வாட்ஸப் வேண்டுகோளை முதலில் நிறுத்தி வையுங்கள். 10 லட்சம் தரக்கூடியவர் அதைப் பார்த்து 1,000 ரூபாய் அனுப்பிவிட்டு, கொடுத்தாச்சு என்று இருந்துவிடுவார். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அவர் வாசலை மிதிக்க முடியாது.

5 கோடியை உடைத்துப் பாருங்கள். 1 கோடி ஒன்று, 50 லட்சம் இரண்டு, 25 லட்சம் நான்கு, 10 லட்சம் பத்து. இதுவே 4 கோடி. மிச்சம் 1 கோடிதான் சின்னத் தொகைகளில் வர வேண்டியது. ஆக, உங்களுக்கு வேண்டியது 17 கொடையாளர்கள். ஒரு கொடைக்கு மூன்று நான்கு பேரையாவது அணுக வேண்டியிருக்கும், எனவே 50 முதல் 70 பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அனுபவமுள்ள ஒருவருக்கு 100, 150 பெயர் கொடுப்பார்கள். புது ஆட்களுக்கு 25-க்கு மேல் கொடுக்காதீர்கள். கூடினால் யாரையும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள், பெருங்கொடை முதல் சந்திப்பில் வருவதே இல்லை. அறிமுகத்திலிருந்து காசோலை வரை ஒன்றரை, இரண்டு வருஷம் ஆவது சாதாரணம்.

பெயர்களை எக்செல்லில் தேடாதீர்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். ஊரில் விசாரித்தால், சென்னையில் கடை, மும்பையில் கம்பெனி என்று ஆள் கிடைத்துவிடுவார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள். கொடை நாளன்று போகாதீர்கள், வீடு நிறையக் கூட்டம் இருக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு பெயருக்கு ஒரே பொறுப்பாளர். செயலர் ஒரு பக்கம், முதல்வர் ஒரு பக்கம், உங்கள் ஆள் ஒரு பக்கம் என்று ஒரே அண்ணாச்சியிடம் மூன்று தொகை கேட்டால், மூன்றிலும் சின்னதைத்தான் கொடுப்பார்.

கணக்குப்பிள்ளை பதில்:

வரி விஷயம் மட்டும் சொல்கிறேன், கொடையாளர் கோபப்படுவது பெரும்பாலும் இங்கேதான். 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் உங்களைப் போன்ற நிறுவனத்துக்குக் கொடுப்பதில் 50% கழிவு, அதுவும் சரிசெய்த மொத்த வருமானத்தில் 10% வரைதான். வருமானம் 60 லட்சம் உள்ளவர் ஒரே வருஷத்தில் 10 லட்சம் கொடுத்தால் 6 லட்சம்தான் கணக்கில் வரும், கழிவு 3 லட்சம். அதையே மார்ச்சில் 5, ஏப்ரலில் 5 என்று பிரித்தால் இரண்டு நிதியாண்டிலும் இரண்டரை இரண்டரையாக 5 லட்சம் கழிவு. இதை நீங்களே எடுத்துச் சொன்னால் மரியாதை கூடும். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவு கிடையாது. ரொக்கம் 2,000-க்கு மேல் போனாலும் கிடையாது.

பணம் யார் கணக்கிலிருந்து வந்ததோ அவர் பெயரில்தான் ரசீது. கடைக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டுத் தன் பான் எண்ணில் சான்றிதழ் கேட்பார்கள். அனுப்பும் முன்பே சொல்லிவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று கல்லூரி வரித்துறைக்குத் தரும் 10பிடி படிவத்தை மே 31-க்குள் போட்டால்தான் அவருக்கு 10பிஇ என்ற கொடைச் சான்றிதழ் வரும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதால் பிரிவு எண், படிவ எண்ணை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபாருங்கள்.

வெளிநாட்டுக்காரரிடம் தொகையைப் பேசும் முன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். கடையநல்லூர், மேலப்பாளையத்துக்காரர் துபாயில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவது அந்நியப் பங்களிப்பு ஆகாது. நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர்) என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி கல்லூரிக்கு வேண்டும். பணமும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்குக்கே வர வேண்டும். உள்ளூர்க் கணக்கில் விழுந்துவிட்டால் பெரிய சிக்கல்.

உதவித்தொகை நிதிக்கு, 'இது மூலதன நிதி' என்று கொடையாளர் கையெழுத்திட்ட கடிதம் அவசியம். கணக்கும் இப்படிப் போடுங்கள்: வட்டி 7% என்றால் 2%-ஐ முதலோடு சேர்த்து 5%-ஐ மட்டும் செலவழிப்பது. ஆண்டுக்கு 25,000 வீதம் நான்கு மாணவர்களுக்கு 1 லட்சம் வேண்டும், அதற்கு 20 லட்சம் முதல். 7% முழுவதையும் செலவழிக்கலாம், 14 லட்சம் போதும் என்று வாங்கினால், வட்டி இறங்கிய வருஷம் நான்காவது பிள்ளைக்கு இருக்காது.

பொருநைக்கரை பதில்:

அளப்பதைப் பற்றி. முதல் வருஷம் வந்த பணத்தை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள். எத்தனை நேர்ச் சந்திப்பு, எத்தனை பேரிடம் தொகை சொல்லிக் கேட்டது, எத்தனை பேருக்கு நன்றி போய்ச் சேர்ந்தது, இவைதான் அளவு. வசூலில் சதவீதம் தருவது கூடவே கூடாது. அவசரப்பட்டுக் கேட்டுக் காரியத்தைக் கெடுப்பார்கள். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஐந்து பெயர், அடுத்த படி, தேதி சொல்ல வேண்டும். சந்திப்புக் குறிப்பு மறுநாளைக்குள் கல்லூரிக் கோப்பில் ஏற வேண்டும். சொந்தப் போனில் வைத்திருந்தால், ஆள் வேலையை விட்டதும் உறவும் கூடவே போய்விடும்.

கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள்: 'அண்ணாச்சி, வேதியியல் ஆய்வகத்துக்கு நீங்க 25 லட்சம் தரணும்னு கேக்க வந்திருக்கோம்.' சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதி தாங்காமல் நம் ஆட்களே 'முடிஞ்சதக் கொடுங்க' என்று இறங்கிவிடுவார்கள், தொகை அங்கேயே பாதியாகிவிடும். வீட்டம்மாவும் மகனும் கூட இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

கல்வெட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கறுப்புக் கிரானைட்டில் வெட்டுமுன் தகப்பனார் பெயர், தலைப்பெழுத்து, ஊர், பெயர் வரிசை எல்லாம் தாளில் எழுதிக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்குங்கள். இறந்துபோன அப்பாவின் தலைப்பெழுத்து தப்பாக வெட்டப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது ஆறாது. தவணைக் கொடை என்றால் பாதிப் பணம் வந்தபின் கல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தேரடி:

ரொம்ப நன்றி. ஒன்று மட்டும். 15 லட்சம் தருகிறேன், அக்கா மகனுக்கு பிகாம் சீட் வேண்டும் என்கிறார் ஒருவர். அதை எப்படிச் சொல்லி மறுப்பது?

கணக்குப்பிள்ளை:

தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணத் தடைச் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. சீட்டுக்கு ஈடாக வாங்குவது கொடையும் ஆகாது, 80ஜி ரசீதும் போட முடியாது. 'பையன் விண்ணப்பம் போடட்டும், சேர்க்கை முடிஞ்சபிறகு நாங்க வந்து பாக்கறோம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பேச்சைத் தேதியோடு கோப்பில் எழுதி முதல்வருக்கும் ஒரு நகல் கொடுங்கள். சேர்க்கை மாதங்களில் விண்ணப்பித்தவர் வீட்டுக்கு உங்கள் குழுவில் யாரும் போகவே வேண்டாம்.