நிக்ஸ்ஓஎஸ்: மெர்ஜ் டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனா 80, 443 போர்ட் ரெண்டும் காணோம்

கீபோர்டு_கிறுக்கன்:
மக்களே ஒரு சந்தேகம். வீட்டு சர்வருக்கு நிக்ஸ்ஓஎஸ் (மொத்த சிஸ்டத்தையும் கான்ஃபிக் ஃபைல்லயே எழுதுற லினக்ஸ்) கான்ஃபிக்கை சின்னச் சின்ன மாட்யூலா பிரிச்சு வச்சிருக்கேன். பேஸ் மாட்யூல்ல ஃபயர்வால் டிசிபி போர்ட் லிஸ்டுக்கு வெப்புக்கான 80, 443 போட்டு அதை எம்கே-டிஃபால்ட்ல (டிஃபால்ட் வேல்யூன்னு குறிக்கிற ஃபங்ஷன்) சுத்திட்டேன், யாராவது மாத்தணும்னா மாத்திக்கட்டும்னு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வீஸை எனேபிள் பண்ணதும் லிஸ்ட்ல 22 மட்டும்தான் நிக்குது, மத்த ரெண்டும் போயே போச்சு. எரர் கிடையாது, வார்னிங் கூட கிடையாது.

சரி, மெர்ஜ் எப்படி நடக்குதுன்னு டெஸ்ட் எழுதியே பாத்துடலாம்னு எவால்-மாட்யூல்ஸ்ல (மாட்யூல்களைச் சேத்து கான்ஃபிக் ஆக்குற ஃபங்ஷன்) ரெண்டு குட்டி மாட்யூல் குடுத்து ரன்-டெஸ்ட்ஸ்ல (வந்த விடையை எதிர்பார்த்த விடையோட ஒப்பிடுற ஃபங்ஷன்) ஓட்டுறேன். இங்கதான் இன்னும் குழப்பம். லிஸ்ட் டெஸ்டுக்கு 'லிஸ்ட்-சேருதா'ன்னு பேர் வச்சு, எதிர்பார்க்கிற விடையை வேணும்னே தப்பா குடுத்தேன், அப்பவும் காலி லிஸ்ட்தான் வருது, அதாவது பாஸாம்! இன்னொண்ணு, ஒரே ஸ்ட்ரிங் ஆப்ஷனுக்கு ரெண்டு மாட்யூல்ல வேற வேற வேல்யூ குடுத்தா கான்ஃப்ளிக்ட் வரணும்ல? ட்ரை-இவால்ல (எரர் வந்தா பிடிச்சு சொல்ற ஃபங்ஷன்) கான்ஃபிக்கை போட்டா சக்ஸஸ் ட்ரூன்னு சொல்லுது. எதை நம்புறது?

அரைத்தூக்கம்:
முதல் விஷயம் ஈஸி ப்ரோ. ரன்-டெஸ்ட்ஸ், பேர் 'டெஸ்ட்'னு சின்ன எழுத்துல ஆரம்பிக்கிறதை மட்டும்தான் ஓட்டும், மத்ததை சத்தமே இல்லாம தாண்டிப் போயிடும். அது திருப்பிக் குடுக்கிறது ஃபெயில் ஆனதோட லிஸ்ட், ஒண்ணுமே ஓடலேன்னாலும் அது காலிதான். பேருக்கு முன்னாடி அந்த வார்த்தையை ஒட்டிட்டு மறுபடி ஓட்டுங்க, செவப்பா வரும்.

பழைய_லினக்ஸ்காரன்:
ரெண்டாவதுக்கு நான் சொல்றேன் தம்பி. நிக்ஸ் சோம்பேறி மொழி, கேட்டதை மட்டும்தான் கணக்குப் போடும். ட்ரை-இவால் மேல் ஓட்டை மட்டும் பாத்துட்டு 'ஆமா இது ஒரு அட்ரிபியூட் செட்'னு சொல்லிட்டு வந்துடும், உள்ள இருக்கிற ஸ்ட்ரிங் ஆப்ஷனை யாரும் தொடவே இல்ல, அப்புறம் கான்ஃப்ளிக்ட் எங்கேர்ந்து வரும்? அந்த ஆப்ஷனையே நேரா கேளு, இல்லேன்னா டீப்-சீக் (deepSeq) போட்டு மொத்தத்தையும் கணக்குப் போட வை. லிஸ்ட், செட்டுன்னா டீப்-சீக் இல்லாம நம்பாத.

இதுல இன்னொரு கண்ணிவெடி இருக்கு. ட்ரை-இவால் ஃபெயில்னு மட்டும்தான் சொல்லும், ஏன்னு சொல்லாது. டெஸ்ட்ல ஆப்ஷன் பேரை எழுத்துப்பிழையோட எழுதிட்டேன்னு வை, 'அப்படி ஒரு ஆப்ஷனே இல்ல'ங்கிற எரரும் இதே மாதிரிதான் பிடிபடும், நீ கான்ஃப்ளிக்ட் வந்துடுச்சுன்னு நினைச்சு சந்தோஷமா போயிடுவ. அதனாலதான் நிக்ஸ்பேக்கேஜஸ்ல (நிக்ஸோட பேக்கேஜும் லைப்ரரியும் இருக்கிற கோட் களஞ்சியம்) மாட்யூல் சிஸ்டத்துக்கான டெஸ்டை ஒரு பாஷ் ஸ்க்ரிப்டா வச்சிருக்காங்க, எரர் மெசேஜையே ரீஜெக்ஸ் வச்சு ஒப்பிட்டுப் பாக்கும். லிப்-க்குள்ள டெஸ்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கு, ஒரு தடவை படி, டாக்குமெண்ட்டை விட அதுல நிறைய கத்துக்கலாம்.

கீபோர்டு_கிறுக்கன்:
ரெண்டுமே சரியா வருதுண்ணா, இப்ப கான்ஃப்ளிக்ட் டெஸ்ட் ஒழுங்கா கத்துது. லிஸ்ட் டெஸ்டும் ஃபெயில் ஆகுது, ஆனா 80, 443 ஏன் போச்சுன்னுதான் இன்னும் புரியல. லிஸ்ட்னா சேரத்தானே செய்யணும்?

பழைய_லினக்ஸ்காரன்:
சேரும், ஆனா சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு வடிகட்டல் இருக்கு, நிறைய பேர் கோட்டை விடுற இடம் அதுதான். ஒவ்வொரு டெஃபினிஷனுக்கும் ஒரு ப்ரையாரிட்டி நம்பர் உண்டு. சும்மா எழுதினா 100, எம்கே-டிஃபால்ட் 1000, எம்கே-ஃபோர்ஸ் 50, ஆப்ஷனை டிக்ளேர் பண்றப்ப குடுக்கிற டிஃபால்ட் 1500. சின்ன நம்பருக்குத்தான் மரியாதை. இருக்கிறதுலயே சின்ன நம்பர் எதுவோ அந்த நம்பர்ல இருக்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை மொத்தமா தூக்கிப் போட்டுடும், அதுக்கு அப்புறம்தான் டைப்போட மெர்ஜ் ஃபங்ஷன் கிட்டயே போகும். எஸ்எஸ்ஹெச் மாட்யூல் 22-ஐ சும்மா எழுதுது, அதாவது 100. உன்னோடது 1000. அவ்ளோதான் கதை. எம்கே-டிஃபால்ட்டை எடுத்துடு, மூணு போர்ட்டும் வந்துடும்.

செக் பண்ண, டெஸ்ட்ல கான்ஃபிக்கை மட்டும் பாக்காம ஆப்ஷன்ஸ் பக்கமும் பாரு. ஹையஸ்ட்-ப்ரியோ எந்த நம்பர் ஜெயிச்சதுன்னு சொல்லும், டெஃபினிஷன்ஸ்-வித்-லொகேஷன்ஸ் எந்த ஃபைல்லேர்ந்து வந்துச்சுன்னு சொல்லும். ஆனா வடிகட்டலுக்கு அப்புறம் மிஞ்சினதைத்தான் காட்டும், தோத்தது அதுல தெரியாது. இன்லைனா எழுதின மாட்யூல்னா ஃபைல் பேரு அன்நோன்-ஃபைல்னு வரும், கடுப்பா இருந்தா மாட்யூல்ல அண்டர்ஸ்கோர்-ஃபைல் குடுத்துக்கோ.

வெண்பொங்கல்:
நடுவுல ஒரு வார்த்தை. ஆப்ஷனல்ஸ் ஃபங்ஷன் போட்டு கண்டிஷன் எழுதுறீங்கன்னா உஷார். கண்டிஷன் பொய்யானாலும் அது காலி லிஸ்ட் ஒண்ணைக் குடுக்கும், அதுவும் 100 ப்ரையாரிட்டி டெஃபினிஷன்தான், எம்கே-டிஃபால்ட் லிஸ்டை அந்தக் காலி லிஸ்டே விழுங்கிடும். எம்கே-இஃப்னா டெஃபினிஷனே இல்லாத மாதிரி ஆயிடும். எங்க ஆபீஸ்ல இதுக்கு தனியா டெஸ்ட் வச்சிருக்கோம்.

கீபோர்டு_கிறுக்கன்:
அட, இது யோசிக்கவே இல்ல. 80, 443 வந்துடுச்சு, நன்றிண்ணா. கடைசியா ஒண்ணு: ஃபயர்வால் லிஸ்ட் வரிசையா, டூப்ளிகேட் இல்லாம வருது, ஆனா நான் டிக்ளேர் பண்ண லிஸ்ட்ல அதே ஐட்டம் ரெண்டு தடவை வருது, வரிசையும் நான் நினைச்ச மாதிரி இல்ல. ஒரே மாட்யூலை ரெண்டு இடத்துல இம்போர்ட் பண்ணிருக்கேன், அதனாலயா?

பழைய_லினக்ஸ்காரன்:
ஃபயர்வால் ஆப்ஷன்ல அப்ளைன்னு ஒரு ஃபங்ஷன் மாட்டியிருக்காங்க, மெர்ஜ் முடிஞ்சப்புறம் அது சார்ட் பண்ணி டூப்ளிகேட்டை எடுக்குது. லிஸ்ட்-ஆஃப் டைப் சும்மா ஒட்ட வைக்கும், அவ்ளோதான். இம்போர்ட் விஷயத்துல, ஃபைல் பாதையா குடுத்தா ரெண்டு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் எடுக்கும். நீயா இம்போர்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு உள்ளடக்கத்தைக் குடுத்தா அதுக்கு எந்த ஃபைல்னு தெரியாது, ரெண்டு தடவை சேத்துடும். பாதையாவே குடு.

வரிசைக்கு இம்போர்ட் ஆர்டரை நம்பி டெஸ்ட் எழுதாத. எம்கே-பிஃபோர், எம்கே-ஆஃப்டர் போடு, முதலாவது 500, அடுத்தது 1500, சும்மா இருக்கிறது 1000. இந்த நம்பர் வரிசைக்கு மட்டும், ப்ரையாரிட்டி நம்பரோட போட்டுக் குழப்பிக்காத, ரெண்டுலயும் 1000, 1500 வர்றது நம்ம தலையெழுத்து.

அரைத்தூக்கம்:
அண்ணா அட்ரிபியூட் செட்டுக்கும் இதே வடிகட்டல்தானா?

பழைய_லினக்ஸ்காரன்:
அட்ர்ஸ்-ஆஃப் (attrsOf) டைப்னா ரெண்டு லெவல்லயும் நடக்கும். மொத்த செட்டையும் எம்கே-டிஃபால்ட்ல சுத்தினா மொத்தமும் போகும், ஒரு கீயை மட்டும் சுத்தினா அந்தக் கீ மட்டும்தான் தோக்கும், மத்த கீயெல்லாம் சேந்துக்கும். வெறும் அட்ர்ஸ் (attrs) டைப் பக்கம் மட்டும் போகாதீங்க, மேல் லெவல்ல ஒண்ணு மேல ஒண்ணை அமுக்கிட்டுப் போயிடும், கான்ஃப்ளிக்ட்டும் சொல்லாது, உள்ள போட்ட எம்கே-ஃபோர்ஸையும் கண்டுக்காது.

கீபோர்டு_கிறுக்கன்:
என் மாட்யூல்ல ரெண்டு இடத்துல அந்த டைப்தான் இருக்கு 😅 இன்னிக்கு ராத்திரி மாத்திட்டு ரிசல்ட் போடுறேன்.