மறதிக்கு மஞ்சள்: எங்கள் வீட்டு அனுபவம்

கல்லடியிலிருந்து:

அம்மாவுக்கு மறதி தொடங்கியதும் மஞ்சள் குளிசை கொடுக்கச் சொல்லாத ஆள் இல்லை. ஞாபகத்துக்கு நல்லதென்று வெளிநாட்டிலிருந்து தம்பி ஒரு போத்தலே அனுப்பிவிட்டான். அம்மா இரத்தம் உறையாமலிருக்க வாபரின் எடுக்கிறவர் என்பதால் கிளினிக் கொப்பியோடு போய் டொக்டரிடம் கேட்டோம். இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம், குளிசை வேண்டாம், கறிக்குப் போடுகிற மஞ்சள் பரவாயில்லை என்றார். போத்தலைத் திறக்கவில்லை.

தம்பி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2018இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மஞ்சளில் இருக்கிற குர்க்குமின் என்ற பொருளை 18 மாதம் எடுத்தவர்களின் ஞாபகம் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள். கொடுத்ததும் உடம்பு லேசில் உறிஞ்சும்படி தயாரித்த மருந்து. அல்சைமர் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வில் பலன் தெரியவில்லை. மஞ்சள்தூளில் குர்க்குமின் 3 வீதம் அளவில்தான், அதிலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே போய்விடும். மிளகு சேர்த்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். நாங்கள் சரக்கு அரைக்கும்போது மிளகும் வைக்கிறோம், தேங்காய்ப்பாலில் கொழுப்பும் இருக்கிறது. அது போதும் என்பது என் எண்ணம்.

பேரனின் பெயர் அம்மாவுக்குச் சிலவேளை வராது. ஆனால் மஞ்சள் துண்டை அம்மியில் தட்டி உடைத்தால், உள்நிறத்தைப் பார்த்து, “இது பழசு, வேற எடு” என்று சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் அரைக்கிற நேரம் அவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறேன்.

காரைதீவிலிருந்து:

அக்கா, துண்டாக வாங்குவதுதான் சரி. 2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற காலத்தில் கடைத்தூளில் என்னவெல்லாமோ கலந்தார்கள். பங்களாதேஷில் நிறம் தூக்க ஈயக் குரோமேற்று கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஈயம் மூளையையே கெடுக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். மூளைக்கு நல்லது என்று மஞ்சள் தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். அந்த விலையைக் கண்டுதான் நாங்கள் கிணற்றடியில் நட்டோம். இலை காய்ந்ததும் கிண்டி, அவித்து, நல்ல வெயிலில் உலர்த்தி மில்லில் கொடுத்து அரைக்கிறோம். நிறம் கடைத்தூள் மாதிரிப் பளிச்சென்று இருக்காது, வாசம் நல்லா இருக்கும். விதைக்கிழங்கு வேண்டுமென்றால் சொல்லுங்கோ, தாறன்.