மாதவிடாய் விழிப்புணர்வு வேலையில் மூன்று ஆண்டுகள்: களைத்துவிட்டேன், எப்படித் தொடர்வது?

கேள்வி (திண்டுக்கல், வயது 26)

நத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் துணி நாப்கின் தைத்து விற்கிறோம். தையல் அக்காக்கள் நான்கு பேர், இரண்டு மிஷின், நான். விற்பதோடு பள்ளிகளுக்கும் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களுக்கும் போய்ப் பேசுகிறேன்.

தையலோ கணக்கோ என்னைக் களைக்க வைக்கவில்லை. போன்தான். பேசி முடித்ததும் என் எண்ணைக் கொடுத்துவிட்டு வருவேன். இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். "அக்கா, இருபது நாளாக நிற்கவில்லை, அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பிள்ளை அழும். எடுத்தாலும் தூக்கம் போகிறது, எடுக்காவிட்டாலும் போகிறது.

போன வாரம் ஒரு வீட்டுக் கொடியில் எங்கள் நாப்கினைப் பார்த்தேன். அதன்மேல் உள்பாவாடை, அதற்கும் மேல் ஈரத்துண்டு. கையை விட்டுத் தொட்டால் சொதசொதவென்று, புழுங்கல் வாடை. வெயிலில் காயப்போடுங்கள் என்று அந்த அம்மாவிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறேன். அன்று எரிந்து விழுந்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கும் அன்று முதல் நாள். இடுப்பு கழன்றுவிடும்போல வலி, இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். வலித்தால் படுத்து ஓய்வெடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நான்.

விட்டுவிடவும் மனம் வரவில்லை. இதே வேலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி (கிராம சுகாதாரச் செவிலியர்)

தங்கச்சி, இருபது நாள் நிற்காத உதிரப்போக்குக்கு ஆறுதல் வார்த்தை போதாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. நோட்டீசில் உங்கள் எண்ணுக்கு மேலே இவற்றை அச்சடியுங்கள். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கிறோம். அதனால் எங்களுக்கு அவர்கள் முகம் தெரியும். உங்கள் பகுதிச் செவிலியரையும் கூட்டத்துக்கு அழையுங்கள், பாதிக் கேள்விகளை அவரே வாங்கிக்கொள்வார்.

மறுமொழி (ஈரோடு, மகளிர் சுய உதவிக் குழு)

அம்மணி, எங்கள் கோயம்புத்தூர் முருகானந்தம் கதையை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்தார், 2016-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அதற்கு நடுவில் மனைவி பிரிந்து போனார், தாயும் விட்டுப்போனார், ஊரே ஒதுக்கியது. அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பாடெல்லாம் பட்டால்தான் இந்த வேலை நடக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நீ தனி ஆள் இல்லை, உன்னோடு நான்கு பேர் இருக்கிறார்கள். நாங்கள் குழுவுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கினோம், ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்கிறோம். இரவு எட்டுக்கு அணைத்துவிடுவோம். முதல் நாள் யாருக்கானாலும் அவருக்கு வெளியூர் வேலை கிடையாது. அது உனக்கும்தான், சாமி.

மறுமொழி (மதுரை)

அந்த அம்மா யார் கண்ணுக்குப் பயந்து துணியை மறைக்கிறார் என்று கேட்டீர்களா? எங்கள் வீட்டில் என் மனைவியின் நாப்கின் துணியைத் துவைத்துக் காயப்போடுவது நான்தான். முதல் தடவை என் அம்மா பதறிப்போய் அதை எடுத்து உள்ளே கொண்டுபோனார். என் மனைவிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்

நேற்று அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பின்பக்கம் மாட்டுக்கொட்டகை நிழல், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வெயில் விழுமாம். முன்பக்கக் கொடிக்கு நேர் எதிரே டீக்கடை. நான்கு முறை போயும் நான் இதைக் கேட்டதே இல்லை. மாடியில் கொடி கட்டலாமா என்று அவருடைய மகனிடம் பேசியிருக்கிறேன், பார்க்கலாம் என்றான்.

குழு போனுக்கு மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு அக்காவுக்கு மட்டும் வீட்டில் அனுமதி இல்லை. மே 28 மாதவிடாய் சுகாதார நாள் நிகழ்ச்சிக்கு ஐந்து பள்ளிகள் கூப்பிட்டிருந்தன, இரண்டுக்குத்தான் வருவேன் என்று எழுதிவிட்டேன். இன்று இரவு போன் சரசக்கா வீட்டில் இருக்கிறது.