வீட்டில் ஒரு கணினி மட்டும் மந்தம்: தேடியதும் சிக்கியதும் (நான்கு ஊர்க்காரர்கள் சொன்னவை)

நெல்லை

என் மைத்துனன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் அவனுடைய எடிட்டிங் கணினி இருக்கிறது. கீழே ஹாலில் ஃபைபர் மோடமும், ஃபுட்டேஜை எல்லாம் சேர்த்து வைக்கிற இன்னொரு கணினியும். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ அத்தான், ஒரு கல்யாணத்தை மேலே காப்பி போட்டா பாதி நாள் போயிடுது" என்று புலம்பினான். கடையில் ரேம் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். இன்டர்நெட் கொடுக்கிறவர்கள் பெரிய பிளானுக்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் பணம் எடுத்து வைத்துவிட்டான். கொஞ்சம் பொறு, பார்த்துவிட்டுச் செலவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மந்தம் கணினிக்குள்ளேயா, வழியிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பி போடச் சொன்னேன். பிராசஸர், ரேம், டிஸ்க் மூன்றும் சும்மா இருந்தன. காப்பி மட்டும் விநாடிக்கு 11 எம்பி (மெகாபைட்). ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கோடு போட்ட மாதிரி அதே 11.

அந்த எண்ணைப் பார்த்ததும் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட். நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக 11-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டு கணினியும், நடுவில் உள்ள மோடமும் கிகாபிட் போர்ட், அதாவது 1000 மெகாபிட் தாங்கும் போர்ட் உள்ளவை. அப்படியானால் விநாடிக்கு 110 எம்பி வரைக்கும் வரவேண்டும். அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டியது.

அப்புறம் அதே கேபிளை என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். அதிலும் 100. கணினி மாறியும் நோய் மாறவில்லை, ஆகவே கேபிள்தான். கம்பி ஒவ்வொன்றையும் சோதிக்கிற கேபிள் டெஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டினோம். விளக்கு 1, 2, 3 என்று வரிசையாக எரிந்து வந்து 7-ஐத் தாண்டிக் குதித்து 8-க்குப் போனது. 7 என்பது வெள்ளை-பழுப்புக் கம்பி. கேபிளில் மொத்தம் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தால் பல போர்ட்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. அதனால்தான் இது ஆளையே ஏமாற்றுகிறது.

அறுந்த இடத்தைத் தேடிப் போனால் ஜன்னல். கேபிளைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு, தினமும் கதவை அழுத்திச் சாத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் கேபிள் பட்டையாகி, மேலுறை வெளுத்துப் போயிருந்தது. சுவரில் துளை போட்டுப் புதுக் கேட் 6 கேபிள் இழுத்தோம். 100 ஜிபி ஃபுட்டேஜ் முன்பு இரண்டரை மணி நேரம். இப்போது கால் மணி நேரம். ரேம் வாங்க வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

வேளச்சேரி

அண்ணா, எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். கேபிள், கணினி எல்லாம் சரி. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் கொடுத்த காசுக்கு முழு வேகம். ஆனால் சாயங்காலம் பையன் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் டீச்சர் குரல் அறுந்து அறுந்து வரும், பக்கம் எதுவும் திறக்காது. "லேப்டாப் பழசு, மாத்துங்கம்மா" என்று அவன் ஒரே பிடிவாதம். புகார் கொடுத்தால் அவர்கள் காலையில் வந்து சோதித்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார்கள்.

லேப்டாப்பில் கமாண்டு பிராம்ப்ட் என்கிற கறுப்பு ஜன்னலை இரண்டு தடவை திறந்து பிங் ஓடவிட்டேன். ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவதுதான் பிங். ஒன்றில் ரூட்டருக்கு (192.168.1.1) பிங், இன்னொன்றில் வெளியே 8.8.8.8 என்கிற கூகுள் சர்வருக்கு. ரூட்டர் பிங் ஒன்று, இரண்டு மில்லி செகண்ட் என்று அசையாமல் நின்றது. வெளியே போவது பகலெல்லாம் 10 சொச்சம்தான். சாயங்காலம் கணவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் 300, 500 என்று எகிற ஆரம்பித்தது. காரணம் அவருடைய ஃபோன். வீட்டு வைஃபையைப் பிடித்ததும் அன்றைக்கு எடுத்த வேலை சைட் வீடியோக்களை எல்லாம் இணையச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றத் தொடங்கிவிடுகிறது. எங்கள் பிளானில் இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ஃபோன் முழுசாக அடைத்துக்கொள்கிறது.

பையன் வீடியோவை இறக்கத்தானே செய்கிறான், ஏற்றுவது அடைத்தால் அவனுக்கு என்ன என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ஒரு பக்கம் திறக்கவே அவன் லேப்டாப் கோரிக்கை அனுப்ப வேண்டும், வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் அனுப்ப வேண்டும். அந்தச் சின்னச் சின்னத் தகவல் பொட்டலமெல்லாம் (பாக்கெட்) ஃபோனின் பெரிய வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது. ரேஷன் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், மூட்டை எடுக்க வந்தவர்களுக்குப் பின்னால் நிற்கிற கதை. மோடமில் காத்திருப்பு இடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தாமதம். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்கிற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, விடாமல் எழுதிய பிறகுதான் பலர் கவனித்தார்கள்.

ஃபோனில் பேக்கப்பை இரவுக்கு மாற்றினோம், அன்றைக்கே வகுப்பு சரியானது. ஆனால் எல்லார் ஃபோனையும் காவல் காக்க முடியாது இல்லையா? அதனால் ஓபன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட முடிகிற ஒரு ரூட்டர் வாங்கி, அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதியை இயக்கி, ஏற்றும் வேகத்தை உண்மையான வேகத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்து வைத்தேன். வரிசை இப்போது மோடமில் சேராமல் புது ரூட்டரிலேயே நிற்கிறது, சின்னப் பாக்கெட்டுகளை அது முந்த விடுகிறது. யார் எதை ஏற்றினாலும் பிங் 30-ஐத் தாண்டுவதில்லை. லேப்டாப் அதே பழசுதான், பையனும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

திருச்சி

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் பலரை மாதக்கணக்கில் படுத்தும். கணினி ஆன் ஆகி ஃபைல் எக்ஸ்புளோரர் திறந்தால் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், அரை நிமிஷம் அப்படியே உறையும். பிரவுசர் மட்டும் ஜோராக ஓடும். பழைய கணினியின் ஃபோல்டரை எப்போதோ இசட் டிரைவாக இணைத்திருந்தேன். அந்தக் கணினியை விற்றாகிவிட்டது. ஆனால் விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் அதைத் தேடிப் பதில் வரும் வரை காத்திருக்கிறது. கமாண்டு பிராம்ப்டில் நெட் யூஸ் (net use) என்று கொடுத்தால், இணைத்து வைத்த டிரைவ்களின் பட்டியலில் அது கிடக்கும். துண்டித்தேன், அவ்வளவுதான்.

அண்ணா, நானும் மாடிக்குக் கேபிள் இழுக்கப் போகிறேன். கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நாகர்கோவில்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லாமலே எல்லாரும் அதைத் திட்டிய கதை எங்கள் வீட்டில் நடந்தது. ஃபோனில் நெட் பறக்கும், என் கணினியில் ஜிமெயில் திறக்க மூன்று நான்கு நிமிஷம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது, ஆனால் படிக்கும் வேகம் விநாடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. ஹார்டு டிஸ்க் அப்படி நின்றால் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' காட்டியது. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள், இருந்தன.

அந்த நிலையில் டீஃபிராக் (சிதறிய ஃபைல்களை அடுக்கும் வேலை), முழு ஸ்கேன் எதுவும் ஓட்டாதீர்கள், அது போகிற டிஸ்க்கைச் சீக்கிரம் அனுப்பிவிடும். முதலில் ஃபோட்டோ, ஆவணங்களை வெளியே எடுங்கள். என் மனைவியின் பழைய படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கழற்றச் சம்மதித்தேன். சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டதும் அதே கணினி, அதே இணைப்பு, ஜிமெயில் சட்டென்று திறக்கிறது.

நெல்லை

சார், படங்களை முதலில் எடுத்தீர்களே, அதைத்தான் எல்லாரிடமும் சொல்ல வேண்டும்.

திருச்சி தம்பிக்கு: கேட் 5ஈ போதும், கேட் 6 என்றால் நல்லது. கம்பி முழுச் செம்பா என்று மட்டும் பாருங்கள். விலை மலிவாகச் சொன்னால் சிசிஏ-வாக இருக்கலாம், அதாவது உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கடையிலேயே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். அது வளைத்தால் சீக்கிரம் முறியும், சுவருக்குள் போட்ட பிறகு முறிந்தால் திரும்ப உடைக்க வேண்டும். கரண்டு ஒயர் போகிற அதே குழாயில் இதை விடாதீர்கள். சுவரைப் பூசுவதற்கு முன்பே டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.