கிராண்டில் பெயர் ஏறிவிட்டால் யாராலும் அசைக்க முடியாதா? (மலேசியா, பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் நிலம்)

சிப்புட்வாசி கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் விலைக்கு வந்திருக்கிறது. நில உரிமைப் பத்திரம் 'கிராண்ட் முக்கிம்' வகை. விற்பவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் பெயர் மாறி ஏழு மாதம்தான் ஆகிறது. பழைய கிராண்ட் தொலைந்து, மாற்றுக் கிராண்ட் எடுத்த பிறகு கைமாறியதாகப் புரோக்கரே சொல்கிறார். விலை அக்கம்பக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. "உங்க பேரு ஏறிட்டா ஒருத்தனும் அசைக்க முடியாது" என்கிறார். முந்தைய உரிமையாளரின் பிள்ளைகள் நாளைக்கு வந்து கையெழுத்து போலி என்றால் என் பணம் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரம்340 எழுதியது:

புரோக்கர் சொன்னதில் பாதிதான் உண்மை. 1965 தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, பதிவான பெயருக்கு அசைக்க முடியாத உரிமை தருகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதற்கு விலக்கும் வைத்திருக்கிறது. வாங்கியவரே மோசடியில் பங்குள்ளவராக இருந்தாலோ, பதிவுக்குக் காரணமான பத்திரம் போலியானதாகவோ செல்லாததாகவோ இருந்தாலோ, பதிவை நீதிமன்றம் ரத்து செய்யலாம்.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. போலி ஆள் ஒருவன் உரிமையாளர் போல் நடித்து நேராக உங்களுக்கே விற்றால், நீங்கள் எவ்வளவு அப்பாவியாக இருந்தாலும், முழு விலை கொடுத்திருந்தாலும், நிலம் பழைய உரிமையாளருக்கே திரும்பிப் போகும். அவன் வேறொருவருக்கு விற்று, அவர் பெயரில் பதிவாகி, அவரிடமிருந்து நீங்கள் வாங்கினால்தான் மூன்றாம் உட்பிரிவின் காப்பு உங்களுக்குக் கிடைக்கும். அதற்கும் இரண்டு நிபந்தனை: நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டும், உண்மையான விலை கொடுத்திருக்க வேண்டும்.

முன்பு நிலைமை வேறு. 2000ஆம் ஆண்டு பினாங்கு தஞ்சோங் பூங்கா நிலம் பற்றிய அடோர்னா வழக்கில், போலியிடம் நேராக வாங்கிய நிறுவனத்துக்கே காப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையான உரிமையாளர் எந்தத் தவறும் செய்யாமல் நிலத்தை இழந்தார். ஒன்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தீர்ப்பு நின்றது. 2010 ஜனவரியில், குவாந்தான் நிலம் பற்றிய டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அது தவறான தீர்ப்பு என்று ஒதுக்கிவிட்டது. இன்னும் பழைய தீர்ப்பை நம்பிப் பேசும் புரோக்கர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில், ஏழு மாதத்துக்கு முந்திய பெயர்மாற்றம் போலி என்றால், அதை வாங்கிய இப்போதைய விற்பனையாளருக்குக் காப்பில்லை. அவருக்கு அடுத்து வருகிற உங்களுக்கு இருக்கலாம். ஆனால் மாற்றுக் கிராண்ட், குறைந்த விலை, அண்மையில் கைமாற்றம் மூன்றும் உங்களுக்கு இப்போதே தெரியும். தெரிந்தும் விசாரிக்காமல் வாங்கினால், நீதிமன்றத்தில் நல்லெண்ணம் என்று சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. நல்லெண்ணத்தை நிரூபிக்கிற பொறுப்பும் வாங்கியவர் மேல்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இருப்பது போல நட்டஈட்டு நிதி நம் நிலச் சட்டத்தில் கிடையாது. நிலம் போனால் ஏமாற்றியவனைத் தேடிப் பிடித்து வழக்குப் போடுவதுதான் வழி. அதனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோலகங்சார்_கவுண்டர் எழுதியது:

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிராண்ட் முக்கிம் என்றால் பதிவேடு மாவட்ட நில அலுவலகத்தில், அதாவது கோலகங்சாரில் இருக்கும். வெறும் 'கெரான்' என்றால் ஈப்போவில் மாநில நில, கனிம அலுவலகம். புரோக்கர் காட்டும் நகலை நம்பாமல் நீங்களே 'சாரியான் ரஸ்மி' (அதிகாரபூர்வத் தேடல்) எடுங்கள். தனியார் தேடலைவிட அதிகாரபூர்வத் தேடல் சான்றிதழ்தான் நீதிமன்றத்தில் நிற்கும். கையெழுத்துப் போடும் அன்று ஒருமுறை, மீதிப் பணத்தை விடுவதற்கு முன் இன்னொருமுறை எடுக்க வேண்டும். இடையில் என்ன ஏறியது என்று அப்போதுதான் தெரியும்.

தேடல் இன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியது ஏழு மாதத்துக்கு முந்திய 14ஏ பாரம், அதாவது பெயர்மாற்றப் பத்திரம். அதன் சான்றிட்ட நகலை லாயர் மூலம் கேளுங்கள். மூன்று இடத்தைப் பாருங்கள்: விலை எவ்வளவு, விற்றவர் கையெழுத்துக்குச் சாட்சி போட்டது எந்த லாயர், கையெழுத்தா கட்டைவிரல் ரேகையா. அந்த லாயரை வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் தேடி, அங்கிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். பாரத்தில் அச்சான எண்ணுக்கு அழைத்தால் போலி ஆள்தான் எடுப்பான்.

கிராண்ட் தொலைந்ததாகப் பொய்யாகப் போலீஸ் ரிப்போர்ட், சத்தியப் பிரமாணம் கொடுத்து மாற்றுக் கிராண்ட் எடுப்பது இந்த மோசடியின் பழைய வழி. அடோர்னா வழக்கும் அப்படித் தொடங்கியதுதான். அசல் கிராண்ட் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஆகவே முந்தைய உரிமையாளரையே தேடுங்கள். தோட்டத்துப் பக்கம் இது முடியாத காரியமில்லை. பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்), கோயில் கமிட்டி, பக்கத்து நிலக்காரர் என்று நாலு பேரைக் கேட்டால் குடும்பம் எங்கே போனது என்று சொல்வார்கள். அவர் இறந்த தேதி 14ஏ தேதிக்கு முந்தியதாக இருந்தால், அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பவர் பத்திரம் மூலம் விற்றிருந்தால் உயர்நீதிமன்றத்தில் தேடுங்கள். அங்கே பதிவாகியிருப்பதால் மட்டும் கையெழுத்து உண்மை என்று ஆகாது. பவர் கொடுத்தவர் இறந்தால், மாற்ற முடியாத பவராக இருந்தாலொழிய, பவரும் அத்தோடு முடிந்தது.

உங்களுக்கென்று தனி லாயர் வையுங்கள். முன்பணம் லாயர் கணக்கில் இருக்கட்டும், விற்பவர் கையில் கொடுக்க வேண்டாம். எஸ் அண்ட் பி (விற்பனை ஒப்பந்தம்) கையெழுத்தான அன்றே 19பி பாரத்தில் தனியார் கெவியட், அதாவது நிலம் கைமாறாமல் தடுக்கும் பதிவு, போடச் சொல்லுங்கள். அது ஆறு ஆண்டு நிற்கும்.

சிப்புட்வாசி:

நன்றி ஐயா. அதே புரோக்கர் இன்னொன்றும் சொல்கிறார்: ஒரு தோட்டத்தில் கால் ஏக்கர் 'ஷேர்', கிராண்ட் பிறகு வருமாம். அது எப்படி?

தோட்டநிலம் எழுதியது:

அதைத் தொடாதீர்கள். சேர்ந்தாற்போல் 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம், கிட்டத்தட்ட நூறு ஏக்கர், சட்டப்படி 'தோட்ட நிலம்'. 214ஏ பிரிவின்படி அதை இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லையென்றால் செல்லாது. சின்ன நிலமாக இருந்தாலும் விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, தனி கிராண்டாகப் பிரிக்க முடியாது. கால் ஏக்கருக்குக் கிராண்ட் எங்கிருந்து வரும்?

'எல்பிஎஸ் நிலம்' என்று சொன்னாலும் கவனம். அது ஆண்டுதோறும் டிசம்பர் 31இல் முடியும் தற்காலிக அனுமதி. அனுமதி பெற்றவர் அதை விற்க முடியாது, அவர் இறந்தால் அதுவும் முடிந்தது. தோட்டப்புறத்தில் ஸ்டாம்ப் ஒட்டின தாளை நம்பி, வாழ்நாள் இபிஎஃப் பணத்தைக் கொட்டியவர்கள் நிறையப் பேர்.

பத்திரம்340:

ஏற்கனவே வாங்கிச் சிக்கியவர்கள் இதைப் படித்தால்: முதலில் போலீஸ் ரிப்போர்ட். அதன் நகலோடு நில அலுவலகத்தில் 'ரெஜிஸ்ட்ரார் கெவியட்' (நிலப் பதிவாளரே போடும் தடை) கேளுங்கள். 320ஆம் பிரிவு மோசடியைத் தடுக்க அதற்கு அதிகாரம் தருகிறது. நிலத்தை இழந்த உரிமையாளரும் இதையே செய்யலாம். நிலம் அடுத்த கைக்குப் போய்விட்டால் அந்தக் கைக்குக் காப்புக் கிடைத்துவிடலாம். அதனால் ரிப்போர்ட்டும் கெவியட்டும் ஒரே நாளில் முடியட்டும், லாயரைத் தேடுவது அடுத்த நாள் இருக்கலாம்.